மணற்புழுவைக் கண்டு பயம் வர வேண்டும்

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஸ்டார் வார்ஸ், டியூன், ஏலியன்ஸ் என்று பல அறிவியல் புனைவு உலகங்களில் ஊறியவர். ஸ்டார் ட்ரெக் மீது தனிப் பிரியம் கொண்டவர். அந்தப் பெயர்களைத் தாங்கிய கணினி வியூக விளையாட்டுகளை வாங்கி ஆடினால் கப்பல்களும் சீருடைகளும் அச்சு அசலாக இருக்கின்றன, ஆனாலும் அந்த உலகத்துக்குள் போன உணர்வு வருவதில்லை என்கிறார். வியூக விளையாட்டால் ஒரு கதையுலகத்தைக் கொண்டுவரவே முடியாதா, இல்லை தான் தேர்ந்தெடுப்பதில்தான் பிழையா என்று கேட்கிறார். அவர் உண்மையில் கேட்பது, உருவம் சரியாக இருந்தும் உயிர் ஏன் வரவில்லை என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வியூக விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதுவதும், எந்தப் படைக்கு எவ்வளவு பலம், எவ்வளவு விலை என்று எண்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. ஒருமுறை புகழ்பெற்ற கதையுலகம் ஒன்றின் உரிமம் பெற்ற விளையாட்டிலும் பணியாற்றியிருக்கிறேன். ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். நான் பெரும்பாலும் தனியாக ஆடுபவன். இணையத்தில் எதிராளியோடு மோதும்போது இந்த விளையாட்டுகள் எப்படி இருக்கும் என்பதில் என் தீர்ப்பை அதிகம் நம்ப வேண்டாம்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு நல்ல கதையுலகத்திலும் ஏதோ ஒன்று அரிதாக இருக்கும். ஏதோ ஒன்றைக் கண்டு எல்லோரும் அஞ்சுவார்கள். விளையாட்டின் விதிகள் அதே பொருளை ஆடுபவருக்கும் அரிதாக்கி, அதே அச்சத்தை அவருக்கும் கொடுத்தால் தழுவல் பிழைத்துக்கொள்ளும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. விதிகள் வேறு எதையோ அரிதாக்கினால் எவ்வளவு அழகான கப்பலை வரைந்தாலும் அது வேறு விளையாட்டின் மீது பூசிய சாயமாகவே நிற்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் மிகப் பழையதும்கூட. வெஸ்ட்வுட் நிறுவனம் 1992இல் வெளியிட்ட டியூன் 2. இன்று திறந்தால் ஆடுவதே சிரமம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பத்து டாங்கிகளை அனுப்ப வேண்டுமானால் பத்து முறை கட்டளையிட வேண்டும். ஆனால் அதன் முதல் பத்து நிமிடங்களைக் கவனியுங்கள். பாறை மேட்டில் உங்கள் தளம் இருக்கிறது. கட்டடம் எழுப்பும் முன் காங்கிரீட் தளம் போட வேண்டும். போடாவிட்டால் கட்டடம் பழுதோடுதான் எழும். பாறையை விட்டு இறங்கினால் மணல். அந்த மணலில்தான் ஸ்பைஸ் இருக்கிறது, அதுதான் பணம். அறுவடை வண்டி மெதுவாக, மிக மெதுவாக, அந்த ஆரஞ்சு நிறத் திட்டை மேய்ந்துகொண்டு போகும். அப்போது திரையின் ஓரத்தில் மணல் நெளியும். மணற்புழு. வண்டியைத் திருப்பலாமா, பாதி நிரம்பிய தொட்டியோடு வரச் சொல்லலாமா, இன்னும் கொஞ்சம் அள்ளட்டும் என்று விடலாமா? தயங்கிய அந்த நொடியில் வண்டியும் இல்லை, ஸ்பைஸும் இல்லை. புழு பாறைக்கு வராது என்பதால் உங்கள் கண் எப்போதும் பாறைக்கும் மணலுக்கும் இடையிலான கோட்டிலேயே இருக்கும்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 1965 டியூன் நாவலைப் படித்தவருக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. கதை நடக்கும் பாலைவனக் கோளான அராக்கிஸில் வாழும் ஒவ்வொருவருக்கும் இருக்கும் பதற்றம் அது. நாவலிலிருந்து ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படாமல் அது உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. இங்கே வரலாற்றில் இன்னொன்றும் நடந்தது. வளத்தைச் சேகரி, தளத்தைக் கட்டு, படையை அனுப்பு என்ற நிகழ்நேர வியூக விளையாட்டின் வடிவம் பரவலானது பெரும்பாலும் இந்த விளையாட்டு போட்ட பாதையில்தான். அதே நிறுவனம் 1995இல் கமாண்ட் அண்ட் கான்கர் செய்தபோது ஸ்பைஸ் இருந்த இடத்தில் டைபீரியம் வந்தது. அறுவடை வண்டி அப்படியே இருந்தது. ஒரு நாவலின் பொருளாதாரம் ஒரு விளையாட்டு வகைக்கே எலும்புக்கூடானது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் டியூன் 2 நாவலை முழுமையாகக் கொண்டுவந்ததா? இல்லை. நாவலின் உயிராக இருக்கும் ஃபிரெமன் என்ற பாலைவன மக்கள் இங்கே அட்ரெய்டிஸ் குலத்தின் அரண்மனை கொடுக்கும் ஒரு சிறப்பு ஆயுதம், அவ்வளவே. மதம், தீர்க்கதரிசனம், சூழலியல், பேரரசின் அரசியல் எதுவும் உள்ளே வரவில்லை. மூன்றாவது குலமாக வரும் ஆர்டோஸ் ஹெர்பர்ட்டின் நாவல்களிலேயே இல்லை. அந்த விடுபட்ட அரசியலை முப்பது ஆண்டுகள் கழித்து டியூன்: ஸ்பைஸ் வார்ஸ் எடுத்துக்கொண்டது. 2022இல் முன்னோட்டமாக வந்து 2023இல் முழுமையாக வெளியானது அது. அதில் சேகரித்த ஸ்பைஸில் எவ்வளவை விற்பது, எவ்வளவைப் பேரரசருக்கு வரியாகக் கட்டச் சேர்த்துவைப்பது என்று நீங்களே பிரிக்க வேண்டும். பிரபுக் குலங்கள் கூடும் லாண்ட்ஸ்ராட் சபையில் தீர்மானங்கள் வரும். செல்வாக்கைச் செலவழித்து வாக்களிக்க வேண்டும். படை பாலைவனத்தில் அதிக தூரம் போனால் கையிருப்பு தீர்ந்து சிப்பாய்கள் சாகத் தொடங்குவார்கள். போரில் வெல்லாமலே ஆட்சியாலும் வணிகத்தாலும் வெல்ல முடியும். எதிரித் தலைவரைக் கொலை செய்தும் வெல்லலாம். நாவலைப் படித்தவருக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். அதன் போர்கள் சுமார்தான். அது எனக்குக் குறையாகப் படவில்லை, ஏனென்றால் நாவலிலும் பெரும் போர்கள் பக்கங்களை அதிகம் எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். 2001இல் வந்த ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் பேட்டில்கிரவுண்ட்ஸ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இயங்கிய அதே மென்பொருள் அடித்தளத்தில் செய்யப்பட்டது. அங்கே உணவு, மரம், தங்கம், கல். இங்கே உணவு, கார்பன், நோவா படிகம், தாது. தொழிலாளர்கள் உணவு திரட்டுகிறார்கள், பண்ணை போடுகிறார்கள். விளையாட்டாகப் பார்த்தால் உறுதியானது, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் ஸ்டார் வார்ஸ் படத்தில் எந்தக் காட்சியிலாவது கலகக்காரர்களின் கவலை விளைச்சல் குறைந்ததைப் பற்றியதா? பேரரசு பெரியது, நாம் சிறியவர்கள், ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிட்டால் முடிந்தது என்பதல்லவா அவர்கள் கவலை? நீங்கள் சொல்லும் ஏமாற்றம் இந்த இடைவெளியிலிருந்து வருவது.

அந்தக் கவலையைப் பிடித்த ஸ்டார் வார்ஸ் விளையாட்டுகள் இரண்டு உண்டு. 1998இல் வந்த ரெபெல்லியனில் கலகக்காரர்களின் தலைமையகம் எங்கே இருக்கிறது என்று பேரரசுக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களோ அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்கலாம். லூக், லேயா போன்றவர்களைப் படைவீரர்களாக அல்லாமல் தூதுக்கும் நாசவேலைக்கும் அனுப்புவீர்கள். திரை முழுக்கச் சிறு சாளரங்கள் குவிந்து கண்ணைக் கட்டும் வடிவமைப்பு அது. பொறுமை உள்ளவருக்கு மட்டுமே. 2006இல் பெட்ரோகிளிஃப் செய்த எம்பயர் அட் வார் இன்றும் தாராளமாக ஆடத் தக்கது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று: பேரரசு தன் தொழில்நுட்பத்தை ஆராய்ந்து வளர்க்கும், கலகக்காரர்கள் வளர்க்க முடியாது, திருட வேண்டும். ஆர்2-டி2வையும் சி-3பிஓவையும் பேரரசின் கோள்களுக்கு அனுப்பித் திருடி வரச் செய்ய வேண்டும். சிறு குழுவாகப் போனால் வானில் இருக்கும் காவலைத் தாண்டி நேரே தரையில் இறங்கித் தாக்கவும் முடியும். இரு தரப்பும் ஒரே விளையாட்டை ஆடவில்லை என்பது சில நிமிடங்களிலேயே புரியும். அதன் விண்வெளிப் போர்களும் அருமை. தரைப் போர்கள்தான் இழுவை.

அதிலேயே நாயகர்கள் பற்றிய ஒரு சிக்கலும் தெரியும். டார்த் வேடர் தரையில் இறங்கினால் தனியாளாகப் பெரும் படையைச் சிதைப்பார். தோற்றால் சாகமாட்டார், சிறிது காலம் கழித்துத் திரும்பி வருவார். வேறு வழியில்லை. லூக் முதல் சண்டையிலேயே செத்துப் போனால் ரசிகர் கோபிப்பார். சாகவே மாட்டார் என்றால் ஆபத்து என்ற உணர்வே போய்விடும். புகழ்பெற்ற பாத்திரங்கள் உள்ள எல்லா உலகங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. இதற்கு முழுத் தீர்வு கண்ட விளையாட்டு ஒன்றையும் நான் இன்னும் ஆடவில்லை. பெயர் தெரிந்த நாயகர்களை ஓரமாக வைத்துவிட்டு, அதே உலகத்தின் பெயர் தெரியாத சிப்பாய்களை எடுத்துக்கொள்வதே நடைமுறையில் நன்றாகப் பலித்திருக்கிறது.

அதற்குச் சான்று 2023இல் டிண்டாலோஸ் நிறுவனம் செய்த ஏலியன்ஸ்: டார்க் டிசென்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விதிகளால் அச்சத்தை உண்டாக்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் விளையாட்டு இது. உங்கள் கையில் ஒரு சிறு குழு. தனித்தனியாகப் பிரிக்க முடியாது; ஒரே கட்டளையில் எல்லோரும் ஒன்றாக நகர்வார்கள். இருண்ட நடைவழியில் நகர்வு உணர்கருவி ஒலிக்கிறது. ஒரு புள்ளி, பிறகு இரண்டு. சுட்டுவிடலாம், எளிது. ஆனால் சுட்டால் ஏலியன்களின் கூட்டுக்குத் தெரிந்துவிடும். உங்களைத் தேடி வேட்டை தொடங்கும். வேட்டை நடக்க நடக்க அந்த இடத்தின் மூர்க்கம் படிப்படியாக ஏறும். ஆகவே ஒதுங்கிக் காத்திருக்கிறீர்கள். காத்திருக்கும்போது வீரர்களின் மன அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் மிகுந்தால் குறி தவறும், மனம் உடையும். ஓர் அறைக்குள் புகுந்து, எல்லாக் கதவுகளையும் பற்றவைத்து மூடிவிட்டு, கொஞ்சம் ஓய்வெடுக்கலாம். கதவைப் பற்றவைக்கத் தேவையான கருவிப் பெட்டிதான் வேறு பல வேலைகளுக்கும் வேண்டும். அதுவோ கையில் இரண்டு மூன்றுதான்.

கதவு மூடியாகிவிட்டது. நால்வரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் என் தோள்கள் தளர்வதை நானே கவனித்திருக்கிறேன். 1986இல் வந்த ஏலியன்ஸ் படத்தில் வீரர்கள் தடுப்புகளைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே இருப்பார்களே, அந்தக் காட்சியின் ஆறுதலும் நடுக்கமும் ஒரு விதியாக மாறியிருக்கிறது. பணி பாதியில் இருக்கும்போதே வண்டிக்குத் திரும்பி வெளியேறவும் முடியும். மறுநாள் வந்தால் நீங்கள் மூடிய கதவு மூடியபடியே இருக்கும், கொன்ற பிணம் கிடந்தபடியே கிடக்கும். ஆனால் ஒரு நாள் கழிந்தால் கோள் முழுவதும் தொற்று கொஞ்சம் கூடும். இறந்த வீரர் திரும்ப மாட்டார். கடைசிப் பகுதியில் குழு பலம் பெற்றபின் பயம் தணிந்துவிடுகிறது என்பது என் குறை, மற்றவர்கள் மறுக்கலாம்.

ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்: டெரன் கமாண்டையும் (2022) இதே வரிசையில் வைப்பேன். இங்கே ஒரு குழு முன்னால் நின்றால் பின்னால் நிற்பவர்கள் அவர்களைத் தாண்டிச் சுட முடியாது. இந்த ஒரே விதியால் மேடும் குறுகிய கணவாயும் தங்கமாகின்றன; திறந்த வெளியில் எதிரிகளான ராட்சதப் பூச்சிகள் நாலாபுறமும் வந்தால் படத்தில் நடப்பதே உங்களுக்கும் நடக்கும். ஆனால் 1997 படத்தின் எள்ளலை இதில் தேடாதீர்கள். பிரச்சாரச் செய்திச் சுருள்கள் வருகின்றன, உண்மைதான். ஆனாலும் படம் யாரைக் கேலி செய்ததோ அந்தத் தளபதியின் நாற்காலியில் உங்களை உட்காரவைத்து, அவரைப் போலவே கணக்குப் போடச் சொல்கிறது விளையாட்டு. கணக்கில் மூழ்கிய மனதுக்குக் கேலி எட்டாது. வியூக விளையாட்டு என்ற வடிவத்தின் இயல்பான எல்லைகளில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். நிரூபிக்க என்னால் முடியாது.

வார்ஹாமர் 40,000 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மேசையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் விளையாட்டாக 1987இல் பிறந்தது. ஓயாத போர்தான் அதன் கதை. 2004இல் வந்த டான் ஆஃப் வார் இன்றும் சோடை போகவில்லை. மூலமே போர் விளையாட்டாக இருக்கும்போது பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா விஷயம் எனக்கு மனவருத்தம் தருவது. 2017இல் வந்த டெட்லாக் அதன் கப்பற்போரை மிக நேர்த்தியாகச் செய்தது. இரு தரப்பும் திட்டமிட்டு முடித்ததும் இரண்டு திட்டங்களும் ஒரே நேரத்தில் அரங்கேறும். எதிரிகளான சைலான் இயந்திரங்கள் உங்கள் கணினிக்குள் நுழையும் என்ற பயமும் உண்டு. ஆனால் கதைக்களம் தொடருக்குப் பல பத்தாண்டுகள் முந்தைய முதல் சைலான் போர். 2004 தொடரைப் பார்த்தவருக்கு நினைவில் நிற்பது என்ன? தலைப்புக் காட்சியில் ஓடும் உயிர் பிழைத்தோர் எண்ணிக்கை. அது ஓடிப் பிழைப்பவர்களின் கதை. டெட்லாக்கிலோ நீங்கள் கப்பல் கட்டுகிறீர்கள், கோள்களைக் காக்கிறீர்கள். பின்னால் கூடுதலாக வந்த அனபாசிஸ் பகுதிதான் பொதுமக்கள் கப்பல்களைக் காத்தபடி தப்பி ஓடும் அந்த உணர்வுக்கு அருகில் வந்தது. அந்த உணர்வை முழுமையாகக் கொடுத்ததோ எந்தத் தொடரின் பெயரையும் தாங்காத ஹோம்வேர்ல்ட். 1999இல் வந்தது. வாழ்ந்த கோள் எரிந்துபோகிறது, உறைநிலையில் தூங்கும் ஆறு லட்சம் பேரோடு தாய்க்கப்பல் கிளம்புகிறது. ஒரு பணியில் இழந்த கப்பல் அடுத்த பணியிலும் இல்லை.

இனி நீங்கள் அதிகம் நேசிக்கும் ஸ்டார் ட்ரெக். கடினமான வழக்கு இதுதான். அங்கே துப்பாக்கியை எடுத்தாலே பாதித் தோல்வி. தெரியாததைத் தெரிந்துகொள்வதும் எதிரியைப் புரிந்துகொள்வதும்தான் வெற்றி. வியூக விளையாட்டின் எலும்போ எதிரியை அகற்றுவது. 1999இல் வந்த பர்த் ஆஃப் தி ஃபெடரேஷனில் பரிசும் ஒப்பந்தமும் கொடுத்துச் சிறு இனங்களை உறுப்பினராக்கலாம். ஆர்மடாவில் (2000) எதிரிக் கப்பலின் கேடயம் விழுந்ததும் ஆட்களை அனுப்பிக் கைப்பற்றலாம். இரண்டும் தொடரின் துண்டுகளைப் பிடித்தன. 2023இல் வந்த ஸ்டார் ட்ரெக்: இன்ஃபினிட், விண்வெளிப் பேரரசு கட்டும் வியூக விளையாட்டான ஸ்டெல்லாரிஸின் அடித்தளத்தில் செய்யப்பட்டது. அங்கே எனக்குப் பிடித்தது ஆரம்ப மணிநேரங்கள்: ஆய்வுக்கப்பல் ஒரு புது நட்சத்திரத்துக்குப் போகிறது, புரியாத ஏதோ ஒன்று தென்படுகிறது, விஞ்ஞானி அதை ஆராய நாட்கள் பிடிக்கின்றன. எல்லைகள் முட்டிக்கொண்டதும் அது வழக்கமான பேரரசுப் போட்டியாகிவிடுகிறது.

இத்தனை இருந்தும் ஏன் பல தழுவல்கள் சாயத்தோடு நின்றுவிடுகின்றன? நான் வேலை செய்த உரிமத் திட்டத்தில் உரிமையாளர் தரப்பிலிருந்து வந்த குறிப்புகளில் பெரும்பகுதி கப்பலின் நிறம், சின்னத்தின் அளவு, பாத்திரத்தின் முகச்சாயல் பற்றியவை. ஒரு கப்பலை இழந்தால் மறுபடி கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆனால் அந்த உலகத்தில் கப்பல் அருமையானதா, மலிவானதா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். நான் அதை இரட்டிப்பாக்கக் கேட்டேன். சோதனையில் ஆடியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள் என்று பழைய அளவுக்கே திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. இது ஒரே ஓர் அனுபவம். எல்லா இடத்திலும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே உங்கள் தேர்வுகள் முழுக்கத் தவறானவை என்றும் சொல்ல மாட்டேன், இந்த வகையால் முடியாது என்றும் சொல்ல மாட்டேன். வாங்கும் முன் யாராவது ஆடும் பதிவு ஒன்றைப் பத்து நிமிடம் பாருங்கள். அறிமுகக் காட்சி வேண்டாம், நடுப்பகுதியைப் பாருங்கள். ஆடுபவர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அந்தக் கதையின் மனிதர்கள் படும் கவலை அதுவானால் வாங்கலாம்.

ஸ்டார் ட்ரெக்குக்கு என் பரிந்துரை இரண்டு. பழைய தோற்றத்தைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் 1999இல் வந்த ஸ்டார்ஃப்ளீட் கமாண்ட். ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் என்ற 1979ஆம் ஆண்டு மேசை விளையாட்டின் விதிகளிலிருந்து பிறந்தது அது. கப்பல்கள் கனத்து, மெதுவாகத் திரும்பும். ஆறு திசைக்கு ஆறு கேடயங்கள். ஆயுதத்துக்கும் வேகத்துக்கும் கேடயத்துக்கும் மின்சக்தி ஒருபோதும் போதாது. கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து, உடைந்த பக்கத்தை எதிரிக்குக் காட்டாமல் கப்பலைத் திருப்பும்போது தொடரின் குரல்கள் தானாகக் காதில் விழும். அது வேண்டாம், பெரிய வரைபடம்தான் வேண்டும் என்றால் ஸ்டெல்லாரிஸை வாங்கி, அதை ஸ்டார் ட்ரெக்காக மாற்ற ரசிகர்கள் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கும் நியூ ஹொரைசன்ஸ் என்ற கூடுதல் தொகுப்பைச் (மோட்) சேர்த்துக்கொள்ளுங்கள். தொடரின் நாயகர்கள் சார்ந்த கூட்டமைப்பான ஃபெடரேஷனாகத் தொடங்குங்கள், முதல் சில மணி நேரம் போர்க்கப்பலே கட்டாமல் ஆய்வுக்கப்பல்களை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.